ஆறட்டும், அப்புறம் இறங்கலாம்

“…வாய் இருந்தா அதுவே கேட்டிருக்கும் சார் உங்கள. அதுக்கு இல்லாததுனால நான் கேக்குறேன். அவ்ளோ தூரம் மிதிச்சிகினு வந்துட்டு பொட்டுனு அணைச்சிட்டீங்களே, இன்னா அவசரம் உங்களுக்கு? சாவியக் குடுங்க. வண்டி விக்கிறதுக்கில்ல.”

சொல்லிவிட்டுக் கையை நீட்டிக்கொண்டு நின்றார் டர்போ அண்ணன். எதிரே நின்றவர், வண்டி வாங்குவதற்காகத் திருவள்ளூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை காலையில் பஸ் ஏறி வந்தவர். எல்லாம் பேசி முடிந்திருந்தது. ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு வந்து ‘சரி’ என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான் பாக்கி. மனிதர் வாசலில் வண்டியை நிறுத்தினார், சாவியைத் திருப்பினார், அவ்வளவுதான். அதில் அப்படி என்ன பெரிய குற்றம் என்று கடைசிவரை அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். நான் தெருவிளக்கைப் பார்த்தேன்.

முத்தாபுதுப்பேட்டையிலிருந்து பாடி மேம்பாலம் வரைக்கும் கார் வைத்திருக்கும் எத்தனையோ பேரை எனக்குத் தெரியும். காலையும் மாலையும் துடைக்கிறவர்கள் உண்டு. எலுமிச்சம்பழம் வைத்து நசுக்காமல் தெருமுனை தாண்டாதவர்கள் உண்டு. ஆனால் உலகத்தில் அத்தனை பேரும் காரில் போவது, போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்குவதற்காக. போய்ச் சேர்ந்த இடத்தில் இறங்காமல் உட்கார்ந்திருப்பதற்காகவே காரில் போன ஒரே மனிதர் டர்போ அண்ணன்தான்.

அவருடைய சொந்தப் பெயர் சர்ச் ரிஜிஸ்தரில் இருக்கும். எங்கள் தெருவில் யாருக்கும் தெரியாது. கல்யாணப் பத்திரிகையிலேயே ‘திரு. டர்போ, குடும்பத்தாருடன்’ என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போவார்கள். அவரும் மரியாதையாக வாங்கிக்கொள்வார். அவர் மனைவி ஸ்டெல்லா டீச்சரிடம் ஒருநாள் பெயரைக் கேட்டேன். “ரேஷன் கார்டப் பாத்துத்தான் தம்பி சொல்லணும்” என்றார்.

பாடியில் ஒரு தொழிற்சாலையில் அவர் தர ஆய்வுப் பிரிவில் இருந்தார். நான் அதே தொழிற்சாலையில் ஸ்டோர்ஸில் இருந்தேன். எங்கள் பக்கத்திலிருந்து இன்னும் இரண்டு பேர். நாலு பேரும் காலையில் அவர் காரில் போவோம், சாயங்காலம் வருவோம். பெரிய டீசல் கார். பானெட்டுக்குள் டர்போ.

அந்த டர்போ என்பது என்ன என்று எனக்கு இஞ்சினியர் யாரும் சொல்லித் தரவில்லை. அவர் சொல்லித்தான் தெரியும். “இஞ்சினுக்குப் பக்கத்துல கையளவு ஒரு காத்தாடி கீது. வெளிய போற பொகதான் அத சுத்த வைக்குது. நிமிசத்துக்கு லட்சம் சுத்து சுத்தும். தகதகனு பழுத்துகினு சுத்தும். அந்தச் சூட்டுல அத உசிரோட வெச்சிருக்கறது எண்ணெதான். நீ சாவியத் திருப்பி அணைச்சேனு வெச்சிக்க, பம்பு நின்னுடும், எண்ணெ நின்னுடும். காத்தாடி நிக்குமா? நிக்காது. அது பாட்டுக்கு வறண்டு போய் சுத்தும். உள்ள மிச்சம் இருக்கற எண்ணெ அந்தச் சூட்டுல கருகி கரியா ஒட்டிக்கும். அதனால வந்து நின்னதும் ரெண்டு நிமிசம் இஞ்சின சும்மா ஓட விடணும். எண்ணெ போய்ப் போய் வரும். காத்தாடி ஆறும். அப்புறம் அணை, யாரு வேணான்னது?”

இதெல்லாம் அவருக்குச் சூடுபட்டுத் தெரிந்தது. வண்டி வாங்கிய முதல் வருஷத்தில் ஊரில் எல்லோரையும் போலத்தான் அவரும் நிறுத்தினார், அணைத்தார், இறங்கினார். ஒருநாள் பூந்தமல்லி போகிற வழியில் வண்டி இழுக்கவில்லை. பின்னால் நீலமாகப் புகை. பூந்தமல்லியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டார். மெக்கானிக் அந்தக் காற்றாடியைக் கழற்றித் துணியில் வைத்து, பிரேதப் பரிசோதனை மாதிரி காட்டினாராம். “அண்ணாத்தே, இத்த பாருங்க. அல்வா கிண்டுன சட்டி அடிப்புடிச்ச மாதிரி கீது. ஓட்டிகினு வந்து உடனே அணைப்பீங்களா?” அண்ணன் தலையை ஆட்டியிருக்கிறார். “அப்ப நீங்கதான் இத்த கொன்னது” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விட்டாராம் அந்த மெக்கானிக்.

அந்த மெக்கானிக் சாதாரணமாகச் சொன்ன சொல். அண்ணன் அதை மனசில் வைத்துக்கொண்டார். புது டர்போ மாட்டி வெளியே வந்த நாளிலிருந்து, எங்கே நிறுத்தினாலும் ரெண்டு நிமிஷம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்காருவார். ஒரு நிமிஷம் ஐம்பத்தைந்து விநாடியில் யாராவது கதவைத் திறந்தால்கூடத் திரும்பிப் பார்ப்பார்.

நீங்கள் கேட்கலாம்: அவர் உட்கார்ந்திருக்கட்டும், நீங்கள் இறங்கிப் போக வேண்டியதுதானே? முதல் வாரம் நாங்களும் அப்படித்தான் இறங்கினோம். அண்ணன் கோபப்படவில்லை. கண்ணாடியை இறக்கி, அமைதியாக ஒன்று சொன்னார். “போங்க, போங்க. ஓடி வந்தது அது. உக்காந்துகினு வந்தது நீங்க. அதுக்கே ரெண்டு நிமிசம் வேண்டிகீது, உங்களுக்கு வேணாமா?” அதற்குப் பிறகு எவனுக்கும் கதவுப்பிடியில் கை வைக்கத் தைரியம் வரவில்லை.

தொழிற்சாலை வாசலில் கைரேகை வைக்கிற இயந்திரம் உண்டு. எட்டரைக்கு மேல் வைத்தால் லேட். மூன்று லேட் ஆனால் அரை நாள் விடுப்பு போய்விடும். பார்க்கிங்கில் கார் நின்றிருக்கும். இஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். மணி எட்டு இருபத்தேழு. உள்ளே நாலு பேர், மடியில் சாப்பாட்டுக் கூடையோடு, விமானம் இறங்கக் காத்திருப்பவர்கள் மாதிரி நேராகப் பார்த்தபடி இருப்போம். எட்டு இருபத்தொன்பதுக்கு அண்ணன் சாவியைத் திருப்புவார். உடனே நாலு கதவும் ஒன்றாகத் திறக்கும். நாற்பது வயதுக்கு மேற்பட்ட நாலு ஆண்கள், ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடுவோம். செக்யூரிட்டி தினமும் கேட்டை முன்கூட்டியே திறந்து வைத்துக்கொண்டு நிற்பார். “வர்றாங்கடா, ஆறிப்போன பார்ட்டி” என்பார்.

இதில் ஒரு விஷயம் சொல்ல வேண்டும். அந்த ரெண்டு நிமிஷத்தை மிச்சம் பிடிக்க வேண்டும் என்பதற்காக அண்ணன் சாலையில் பறப்பார். ஆவடி செக்போஸ்ட் தாண்டினால் காது அடைக்கும். திருமுல்லைவாயல் எங்கே வந்தது, எங்கே போனது என்று பார்க்க முடியாது. மேம்பாலத்திலிருந்து இறங்கித் தொழிற்சாலைக்குத் திரும்பும் கடைசி வளைவுவரை மிதித்துக்கொண்டேதான் வருவார். “அண்ணாத்தே, கொஞ்சம் மெதுவா” என்று பின்சீட்டிலிருந்து குரல் வந்தால், “மெதுவா போனா ரெண்டு நிமிசம் எங்கேந்து வரும்? உங்கப்பா குடுப்பாரா?” என்று கேட்பார். சரிதானே என்று எங்களுக்கும் தோன்றும். கண்ணை மூடிக்கொள்வோம்.

டீசல் போடப் போனால் அது தனிக்கூத்து. பங்க்குக்குள் இஞ்சினை அணைக்கச் சொல்வார்கள். அதனால் அண்ணன் பங்க்கின் நுழைவாயிலிலேயே வண்டியை நிறுத்தி ஆற வைப்பார். உள்ளே போகவும் மாட்டார், மற்றவர்களைப் போக விடவும் மாட்டார். ஒருமுறை அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் ஒரு பங்க்கில் இப்படி நின்றபோது பின்னால் ஒரு பெரிய லாரி வந்து, ஹாரனில் கையை வைத்தது. எடுக்கவேயில்லை. டிரைவர் இறங்கி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார்.

“இன்னா நைனா, டீசல் போட வந்தியா, கட்டில் போட்டுப் படுக்க வந்தியா?”

அண்ணன் கண்ணாடியை இறக்கினார். “டீசல் போடத்தான் நைனா வந்தேன். ஆறிகினு கீது. ஒண்ணேகால் நிமிசம்.”

அடிவிழப் போகிறது என்று நாங்கள் சாப்பாட்டுக் கூடைகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டோம். லாரி டிரைவர் குனிந்து, இஞ்சின் சத்தத்துக்குக் காதைக் கொடுத்தார். முகம் மாறிவிட்டது.

“டர்போவா அண்ணாத்தே?”

“ஆமா.”

“அத்த மொதல்லயே சொல்றதுதான! இருங்க, இருங்க, நல்லா ஆறட்டும்.” பின்னால் ஹாரன் அடித்த ஆட்டோக்காரரைப் பார்த்து அவரே கத்தினார்: “டேய் மாமே, கம்முனு இருடா! வண்டி ஆறுதுல்ல!”

அண்ணனைப் புரிந்துகொண்ட ஒரே ஜாதி லாரி டிரைவர்கள்தான். படித்தவர்கள் யாரும் புரிந்துகொள்ளவில்லை.

டீச்சருக்கு இதில் எங்களைவிட அனுபவம் அதிகம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போனால், அண்ணன் வண்டியை ஆற வைத்துவிட்டு உள்ளே வருவதற்குள் முதல் பாட்டு முடிந்திருக்கும். டீச்சர் காத்திருக்க மாட்டார். வண்டி நின்றதும் பையையும் பைபிளையும் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார். அவரை மட்டும் அண்ணன் ஒன்றும் சொல்ல மாட்டார். “எங்க கல்யாணத்தப்போ இந்த டர்போ எல்லாம் வரல, பொழச்சேன்” என்று டீச்சர் எங்கள் எல்லோர் முன்னாலும் சொல்வார். “வந்திருந்தா, தாலியக் கையில வெச்சிகிட்டு வாட்ச்சப் பாத்துகிட்டு நின்னிருப்பாரு.”

எங்களுக்கும் ஒரு யோசனை வந்தது. சாவியை எடுத்த பிறகும் இஞ்சினைத் தானாகவே ரெண்டு நிமிஷம் ஓட வைத்து, பிறகு அணைக்கிற ஒரு சின்னக் கருவி உண்டு என்று எங்களில் ஒருவன் கண்டுபிடித்தான். மூன்று பேரும் சேர்ந்து அண்ணனின் பிறந்தநாளுக்கு அதை வாங்கி, மாட்டியும் கொடுத்தோம். எங்கள் பாசத்தைப் பார்த்து அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அந்தப் பாசம் நேரத்தோடு போய்க் கைரேகை வைப்பதற்காகத்தான் என்று அவருக்குத் தெரியாது.

அந்த வாரமே பூந்தமல்லியில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் அண்ணன் சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு, வாழ்க்கையில் முதன்முறையாக, வண்டி நின்ற உடனேயே எங்களோடு சேர்ந்து இறங்கினார். நேராகப் பந்திக்குப் போனோம். இலையில் முதலில் வைத்த கேசரியைக்கூட அவர் தொட்டிருக்க மாட்டார். மைக்கில் மாப்பிள்ளைக்கு வாழ்த்துப் பாடிக்கொண்டிருந்தவரை நிறுத்திவிட்டு மண்டபத்து வாட்ச்மேன் பேசினார்: “வாசல்ல வெள்ளக் கலர் காரு ஒண்ணு ஆள் இல்லாம தானா ஓடிகினு கீது. சாவியும் இல்ல, டிரைவரும் இல்ல. ஓனரு யாருனாலும் உடனே வந்து இன்னானு பாருங்க. ஜனங்க பயப்படுறாங்க.”

அண்ணன் இலையிலிருந்து எழுந்தார். நாங்கள் பின்னால் ஓடினோம். வாசலில் காரைச் சுற்றி ஒரு கூட்டம். நாங்கள் போய்ச் சேர்ந்த நேரத்தில் கருவி தன் வேலையை முடித்து, இஞ்சின் தானாகவே நின்றது. கூட்டத்திலிருந்த ஒரு அம்மாள் கும்பிட்டாள்.

மறுநாளே அந்தக் கருவியைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டார். “மனசுல எதும் வெச்சிக்காத நைனா. நான் உள்ள கேசரி துன்னுகினு இருக்கறப்போ, அது வெளிய தனியா ஆறிகினு கீதேனு நெனச்சா, எனக்கு எறங்க மாட்டேங்குது.” மறுபடியும் எட்டு இருபத்தேழு, மறுபடியும் ஓட்டம்.

அவர் ஓய்வு பெற்றபோது நாங்கள் மூன்று பேரும் பஸ்ஸுக்கு மாறினோம். அண்ணன் வீட்டிலிருந்தார். கார் வாசலில் இருந்தது. காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து ஆற வைப்பார். அப்படியே போயிருக்கும். நடுவில் கண்ணில் கோளாறு வந்தது.

இடது கண்ணில் பக்கவாட்டில் வருவது அவருக்குத் தெரியவில்லை. நேரே பார்த்தால் எல்லாம் தெளிவு, இடது ஓரத்தில் மட்டும் திரை விழுந்த மாதிரி இருட்டு. டாக்டர் பரிசோதித்துவிட்டு, “இனிமே நீங்க வண்டி ஓட்டக் கூடாது” என்று சொல்லிவிட்டார். அண்ணன் தலையாட்டிவிட்டு வந்தார். அலட்டிக்கொள்ளவில்லை. “ரைட்டு. ஓட்டுனதெல்லாம் போதும்” என்றார். நாங்கள்கூட, இவ்வளவு சுலபமாக எடுத்துக்கொண்டாரே என்று ஆச்சரியப்பட்டோம்.

அவர் சுலபமாக எடுத்துக்கொள்ளவில்லை. விடியற்காலையில் எடுத்துக்கொண்டிருந்தார். டீச்சர் எழுந்திருப்பதற்கு முன்னால் சாவியை எடுத்துக்கொண்டு ஒரு சுற்றுப் போய் வருவார். டீச்சர் கண்டுபிடித்துக் கேட்டால், “பேட்டரி இறங்கிடும்ல” என்பார். ஒருநாள் காலை திரும்பி வந்து வழக்கம்போல ரெண்டு நிமிஷம் ஆற வைத்து, அணைத்து, உள்ளே போய்ப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். டீச்சர் கோலம் போட வெளியே வந்தால், காரின் இடது பக்கக் கண்ணாடி ஒயரில் தொங்கிக்கொண்டிருக்கிறது. தெருமுனை மின்கம்பத்தில் இடித்திருக்கிறார். இடித்ததே அவருக்குத் தெரியவில்லை.

டீச்சர் நேராக என் வீட்டுக்கு வந்தார். கையில் கோலமாவு அப்படியே இருந்தது.

“தம்பி, இன்னிக்கு கம்பம். அந்தக் கம்பத்துக்கிட்டதான் தெனமும் ஸ்கூல் வேனுக்குப் புள்ளைங்க நிக்குது. வண்டி வாசல்ல நிக்கிற வரைக்கும் இவரு எடுப்பாரு. வர்ற ஞாயித்துக்கெழமைக்குள்ள அது இந்த கேட்ட விட்டுப் போயாகணும். நீதான் ஆளப் பாத்துக் குடுக்கணும்.”

விஷயத்தை அண்ணனிடம் சொன்னேன். மின்கம்பத்தைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். “வித்துடலாம். யாரு வேணான்னது? ஆனா நான் பாத்துத்தான் குடுப்பேன்” என்றார். அப்போது எனக்கு அதன் அர்த்தம் தெரியவில்லை.

முதலில் வந்தவர் அம்பத்தூரில் பழைய கார் வாங்கி விற்கிறவர். ஓட்டிப் பார்த்தார், வந்து நிறுத்தினார், உடனே அணைத்தார். போய்விட்டார். அதாவது, அனுப்பப்பட்டார்.

இரண்டாவது வந்தவரிடம் நான் முன்கூட்டியே காதில் போட்டு வைத்தேன். “சார், வந்து நின்னதும் உடனே அணைக்காதீங்க. ரெண்டு நிமிஷம் இஞ்சின் ஓடட்டும். எதையும் தொடாம உக்காந்திருங்க, போதும்.” அவரும் அப்படியே செய்தார், ஆனால் அக்கறையைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டிவிட்டார். உட்கார்ந்த இடத்திலிருந்தே ஆக்ஸிலரேட்டரை மிதித்து, ‘உர்ர்… உர்ர்…’ என்று இஞ்சினை உறும விட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். “ஆத்தச் சொன்னா அடுப்ப ஊதுறாரு பாரு! இறக்கு அவர!”

மூன்றாவதுதான் நான் ஆரம்பத்தில் சொன்ன திருவள்ளூர்க்காரர். பாவம், எல்லாம் சொல்லித்தான் அனுப்பினேன். வாசலுக்கு வந்து நின்ற நேரத்தில் அவருக்கு ஃபோன் வந்தது. பேச வசதியாக இருக்குமே என்று சாவியைத் திருப்பிவிட்டார்.

அவர் பஸ் ஸ்டாப்பைப் பார்க்க நடந்ததும், வாசற்படியிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்த டீச்சர் எழுந்தார். சர்ச்சுக்குப் போய்வந்த புடவையைக்கூட மாற்றவில்லை.

“வண்டி விக்கிறீங்களா, பொண்ணுக்கு மாப்பிள்ள பாக்குறீங்களா?”

“அதக் கொல்றவங்கிட்ட குடுக்கச் சொல்றியா ஸ்டெல்லா?”

டீச்சர் குரலை உயர்த்தவில்லை. வகுப்பில் சின்னப் பிள்ளைகளிடம் பேசுகிற அதே குரலில்தான் சொன்னார்.

“வண்டி செத்தா இன்னொண்ணு செய்வாங்க. நாளைக்கு காலையில நீங்க எடுத்துட்டுப் போயி, அந்தக் கம்பத்துக்கிட்ட நிக்கிற ஒரு புள்ள மேல ஏத்துனீங்கன்னா, அப்புறம் நீங்க எத்தன நிமிஷம் உக்காந்தாலும் ஆறாதுங்க.”

அண்ணன் கையிலிருந்த சாவியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கொண்டுபோய் டீச்சரிடம் கொடுத்தார். டீச்சர் அதை முந்தானையில் முடிந்துகொண்டார்.

“இன்னும் ஒரு பார்ட்டி மத்தியானம் வராங்க அண்ணாத்தே. இவங்கள விட்டா இப்போதைக்கு வேற ஆள் இல்ல” என்றேன்.

“வரட்டும்” என்றார். அவ்வளவுதான்.

மத்தியானம் வந்தவர்கள் பூந்தமல்லிப் பக்கம் ஃப்ளாட்டில் இருக்கிற கணவன், மனைவி. தென்காசிப் பக்கத்துக்காரர்கள், இரண்டு பேரும் கம்ப்யூட்டர் வேலை. ஒன்றரை வயதில் ஒரு பையன். கணவனுக்குக் கார் ஓட்டத் தெரியாது. மனைவி கோமதிதான் ஓட்டுவார். காதில் ஏதாவது போட்டு வைக்கலாம் என்று நான் கோமதியின் பக்கமாக நகர்ந்தேன். டீச்சரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டிருந்த அண்ணன், “நீ ஒண்ணும் சொல்லாத. அவங்க எப்பிடியோ அப்பிடியே ஓட்டட்டும்” என்று சொல்லிவிட்டார்.

கோமதி ஓட்ட, பக்கத்தில் அண்ணன் உட்கார்ந்தார். பின்னால் நான். எனக்குப் பக்கத்தில் கணவர், மடியில் பையன். ஆவடி தாண்டி மெயின் ரோட்டில் கோமதி நன்றாகவே மிதித்தார். ஒரு பஸ்ஸைத் தாண்டினார். டர்போ இழுக்கிற அந்த ‘விஸ்ஸ்’ சத்தம் வந்ததும் அண்ணனின் முதுகு நிமிர்ந்தது. பின்சீட்டிலிருந்தே எனக்கு அது தெரிந்தது. பட்டாபிராம் வரைக்கும் போய்த் திரும்பினோம்.

திரும்பி வரும்போது பையன் தூங்கிவிட்டான். கோமதி கண்ணாடியில் ஒருமுறை பார்த்தார். எங்கள் ஏரியாவுக்குள் நுழைந்ததும் கால் தளர்ந்தது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் தெருவுக்குச் சரியாக ஒரு கிலோமீட்டர். நடுவில் ஒன்பது வேகத்தடை. கால்வாய் தோண்டி மூடாமல் விட்ட பள்ளங்களை நான் எண்ணியதில்லை. அத்தனையிலும் வண்டி தண்ணீரில் போகிற மாதிரி ஏறி இறங்கியது. எங்களைச் சைக்கிள்காரர் ஒருவர் தாண்டிப் போனார். நடந்து போன ஒரு அம்மாள்கூடத் தாண்டினாரோ என்று சந்தேகம். பையனின் தலை அப்பாவின் தோளிலிருந்து ஒரு விரற்கடைகூட அசையவில்லை.

வாசலுக்கு வந்தது. நின்றது. கோமதி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். சாவியைத் திருப்பி அணைத்துவிட்டார்.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். வாசற்படியில் டீச்சர் நெற்றியில் கையை வைத்துக்கொண்டதைக் கண்ணைத் திறந்த பிறகுதான் பார்த்தேன்.

அண்ணன் சாவிக்குக் கையை நீட்டவில்லை. கைக்கடிகாரத்தையும் பார்க்கவில்லை. கோமதியின் பக்கம் திரும்பினார்.

“எதுக்கும்மா கடைசில அவ்ளோ மெதுவா வந்தே?”

“பிள்ள உறங்குதாம்லா அண்ணாச்சி. குலுங்கிச்சின்னா முழிச்சிருவான். முழிச்சா பிறகு ராத்திரி வர அழுகைதான்” என்றார் கோமதி. பிறகு கொஞ்சம் பயந்து, “ஏன் அண்ணாச்சி, தப்பா எதுவும் ஓட்டிட்டேனா?” என்று கேட்டார்.

அண்ணன் இறங்கினார். பானெட்டைத் தூக்கிக் குனிந்து, டர்போவுக்குப் பக்கத்தில், தொடாமல், உள்ளங்கையைக் காட்டிப் பார்த்தார். காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“நைனா, இது வழியிலயே ஆறிகினு வந்துகீதுடா.”

“அப்படின்னா அண்ணாத்தே?”

“கடைசி ஒரு கிலோமீட்டரு மிதிக்காம கொண்டாந்தா, அதுக்குள்ளயே எண்ணெ போய்ப் போய் வந்து எல்லாம் அடங்கிப் பூடும். நிறுத்தி வெச்சி ஆத்த வேண்டிய வேலையே இல்ல.” பானெட்டை மெதுவாக மூடினார். “நான்தான் ஆத்துறதுக்கு நேரம் வேணும்னு பாடி வரைக்கும் மிதிச்சிகினே போனேன். மிதிச்சதால அது கொதிச்சிது. கொதிச்சதால குந்திகினு ஆத்தினேன்.”

எனக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. எட்டு இருபத்தேழுகள், செக்யூரிட்டியின் சிரிப்பு, கிழிந்த என் இரண்டு சட்டைகள், எல்லாம் வரிசையாக வந்து நின்றன.

“அண்ணாத்தே, அப்போ பதிமூணு வருஷமா நாங்க ஓடுனது…”

“கணக்கு போடாத நைனா” என்றார் அண்ணன், ரொம்பவும் தாழ்ந்த குரலில். “அக்கவுண்ட்ஸ்காரன் காதுல உழுந்தா, ஊட்டுக்கே வந்து அடிப்பான்.”

அக்கவுண்ட்ஸ்காரன் என்பது எங்களோடு பின்சீட்டில் வந்த இன்னொருவன். அவனுக்கு நான் இன்றுவரை சொல்லவில்லை. இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்ளப் போகிறான்.

ஒன்றும் புரியாமல் நின்ற கோமதி, “அப்போ நிறுத்துனதும் அணைக்கக் கூடாதா அண்ணாச்சி?” என்றார்.

“நீ அணைக்கலாம்மா. தாராளமா அணைக்கலாம். மெயின் ரோட்டுல அடிச்சி ஓட்டிட்டு பாதியில எங்கனா நிறுத்துனா மட்டும் கொஞ்சம் பாத்துக்க” என்றார் அண்ணன். “வண்டிய எடுத்துக்க.”

அந்த வார்த்தை வாயிலிருந்து வந்ததுதான் தாமதம், டீச்சர் உள்ளே போய்க் காகிதங்களோடு வெளியே வந்துவிட்டார். விற்பனைப் படிவங்களில் எல்லாம் அண்ணனிடம் ஏற்கெனவே கையெழுத்து வாங்கி வைத்திருந்தார். அந்தக் கணவர், “அடுத்த வாரம் நல்ல நாள் பாத்து வந்து…” என்று இழுத்தார். “இன்னிக்கே நல்ல நாள்தான் தம்பி, ஞாயித்துக்கெழம” என்று டீச்சர் முடித்துவிட்டார். அரைமணி நேரத்தில் எல்லாம் ஆயிற்று. பையன் அத்தனை நேரமும் பின்சீட்டில் அப்பா தோளிலேயே தூங்கிக்கொண்டிருந்தான்.

கோமதி வண்டியைக் கிளப்பினார். அண்ணன் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். மனிதர் உடைந்துவிடுவாரோ என்று நானும் டீச்சரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தோம். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் வெங்காய வண்டி திரும்பியது. அதன் ஒலிபெருக்கியைப் பற்றி எங்கள் தெருக்காரர்களைக் கேட்க வேண்டும். பக்கத்துத் தெருவில் வரும்போதே இங்கே ஜன்னல் அதிரும்.

டர்போ அண்ணன் கேட்டை விட்டார். செருப்புகூடப் போடாமல் காருக்கு முன்னால் ஓடினார். ஓய்வு பெற்ற மனிதர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. “அடே நைனா, அத்த நிறுத்துடா! உள்ள கொழந்த தூங்குது!” என்று வெங்காயக்காரரைக் கையெடுத்துக் கும்பிட்டு, ஒலிபெருக்கியை அணைக்க வைத்து, வண்டியை ஓரம் கட்ட வைத்தார். அதோடு திரும்பி வருவார் என்று நினைத்தோம். வரவில்லை. காருக்கு முன்னாலேயே நடந்தார். கிரிக்கெட் ஆடிக்கொண்டிருந்த பையன்களை உதட்டில் விரல் வைத்து நிறுத்தினார். குரைக்க வாயெடுத்த நாயை அதட்டினார், அதையும் சத்தமில்லாமல். இடது பக்கம் வருவது அவருக்குத் தெரியாது என்று டீச்சர் ஓடிப்போய் அவருக்கு இடது பக்கமாக நடக்க ஆரம்பித்தார். இரண்டு பேருமாக அந்த ஒரு கிலோமீட்டரும் காரை அழைத்துக்கொண்டு போனார்கள். பின்னாலேயே நானும் போனேன். மெயின் ரோடு வந்ததும், பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் சீறிக்கொண்டிருந்த அந்தச் சாலையில் அண்ணன் இறங்கி நடுவில் போய் நின்றார். இரண்டு கைகளையும் அகல விரித்து, மொத்த ரோட்டையும் நிறுத்தினார்.